டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசையில் பெயர்பெற்ற எகிப்திய டிஜே ஜோடி அலி அண்ட் ஃபிலா. இருவர்தானே, மேடையில் ஏன் ஒருவர் மட்டும்?

மேடையில் நீங்கள் பார்ப்பது ஃபாதி, அதாவது பெயரில் உள்ள ஃபிலா. அலிக்குக் காதில் காயம் ஏற்பட்டதால், உரத்த ஒலியைத் தவிர்க்கச் சொன்னார்கள் மருத்துவர்கள். உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப வளராது, அதனால் இது விளையாட்டான விஷயம் இல்லை. அலி ஸ்டுடியோவோடு நின்றுகொண்டார். ஊர் ஊராகப் போய் வாசிப்பது ஃபாதியின் பொறுப்பானது. ஆனாலும் பெயர் மாறவில்லை. எனக்கு இவர்களிடம் மிகவும் பிடித்ததே இதுதான்.

இருவரும் கெய்ரோக்காரர்கள், சிறுவயது நண்பர்கள். 1999 வாக்கில் சேர்ந்து இயங்கத் தொடங்கினார்கள். அப்போது டிரான்ஸ் என்றால் ஜெர்மனி, நெதர்லாந்து, பிரிட்டன்தான். எகிப்திலிருந்து ஒரு ஜோடி உள்ளே நுழைந்தது சின்ன விஷயமா? 2003-இல் ஜெர்மனியின் யூஃபோனிக் இசை நிறுவனம் வெளியிட்ட 'ஐ ஆஃப் ஹோரஸ்' என்ற இசைத்துண்டு அந்தக் கதவைத் திறந்தது.

இவர்கள் பாணி அப்லிஃப்டிங் டிரான்ஸ், அதாவது மனதை மேலே தூக்கும் டிரான்ஸ்: நிமிடத்துக்குச் சுமார் 138 துடிப்பு. நடுவில் தாளம் முழுக்க அடங்கி மெல்லிசை மட்டும் நீளும். அப்புறம் கிக் டிரம் அடியும் பேஸ் என்ற தாழ்சுருதி ஒலியும் ஒன்றாகத் திரும்பும்போது உடம்பு சிலிர்க்கும். சந்தை வேறு பக்கம் சாய்ந்தபோதும் இதை விடவில்லை. 2006-இல் தொடங்கிய 'ஃபியூச்சர் சவுண்ட் ஆஃப் ஈஜிப்ட்' வானொலி நிகழ்ச்சி, இசை வெளியிடும் லேபிளாகவும் வளர்ந்தது. நிகழ்ச்சியின் 400-ஆவது பகுதியை 2015-இல் கீசா பிரமிடுகள் அருகே கொண்டாடினார்கள்.

புதிதாகக் கேட்பதென்றால் 2013-இல் வந்த 'குவைட் ஸ்டார்ம்' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள்.