"மழை பெய்யாவிட்டால் விழா மைதானத்தில் நடக்கும்" என்பதை ஆங்கிலக் கடிதத்தில் எப்படி எழுதுவது?

"இஃப் இட் வில் நாட் ரெயின்" என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. காரணத்தைத் தமிழிலேயே பார்க்கலாம். நாளை வரப்போகிற மழையைப் பற்றியும் 'பெய்தால்' என்றுதானே சொல்கிறோம்? 'பெய்தது', 'பெய்த மழை' இவற்றில் உள்ள அதே இறந்தகால அடி. நிபந்தனைக்குள் நாம் எதிர்காலத்தை நுழைப்பதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான், அங்கே நிகழ்காலம் வரும்: "இஃப் இட் டஸ் நாட் ரெயின்". 'வில்' வாக்கியத்தின் மறுபாதிக்கு உரியது.

அழைப்பிதழ், சுற்றறிக்கை என்றால் "வெதர் பர்மிட்டிங்" (வானிலை இடம் கொடுத்தால்) நல்ல சொற்றொடர். முன்னால் கமா, அவ்வளவுதான். 'இஃப்' வேண்டாம், 'த'வும் வேண்டாம். "இஃப் வெதர் பர்மிட்டிங்" என்று பலர் எழுதுகிறார்கள். அது இரண்டு அமைப்புகளைக் கலந்தது. 'இஃப்' வேண்டுமென்றால் "இஃப் த வெதர் பர்மிட்ஸ்" என்று முழுதாக எழுதுங்கள். அப்புறம், நாளைய மழைக்கு 'கிளைமேட்' என்று எழுதாதீர்கள். அது பல ஆண்டுகளின் காலநிலை. ஒரு நாளைக்குரியது 'வெதர்'.

'இன் கேஸ்' கொஞ்சம் கவனம் கேட்கும். "டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்" என்றால் மழை வந்தாலும் வரலாம், குடையை இப்போதே எடுத்துக்கொள் என்று பொருள். மழை வந்த பிறகு செய்ய வேண்டியதற்கு 'இஃப்' போடுங்கள், அல்லது "இன் கேஸ் ஆஃப் ரெயின்".

ஆனால் இலக்கணம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. போன வருடம் என் மகள் பள்ளியின் விளையாட்டு விழாச் சுற்றறிக்கையில் "வெதர் பர்மிட்டிங்" என்று பிழையில்லாமல்தான் இருந்தது. காலையில் தூறல். விழா உண்டா இல்லையா என்று தெரியாமல் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளோடு வாசலில் முக்கால் மணி நேரம் நின்றோம். வானிலை இடம் கொடுக்காவிட்டால் என்ன என்பதை யாரும் எழுதவில்லை. ஆகவே இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்:

"த ஈவன்ட் வில் பி ஹெல்ட் ஆன் த கிரவுண்ட், வெதர் பர்மிட்டிங். இஃப் இட் ரெயின்ஸ், வி வில் மூவ் டு த இன்டோர் ஹால் அட் த சேம் டைம்."