கணவர் பெயரில் இருக்கும் காருக்கு இன்சூரன்ஸ் செல்லுமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் கடந்த தை மாதம் தவறிவிட்டார். கார் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆவணியில் இன்சூரன்ஸ் முடிகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன், வழக்கம்போல ஆன்லைனில் கட்டிவிடுகிறேன் என்கிறான். ஏஜெண்டும், “செட்டியார் பேர்லயே போட்டுடலாம் ஆச்சி, அம்பது சதவீதம் போனஸ் இருக்கு, வீணாக்க வேண்டாம்” என்கிறார். கார் சும்மா நிற்கிறதே என்று, கானாடுகாத்தானில் தங்க வரும் வெளியூர்க்காரர்களை ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி கூட்டிப்போய்வர அனுப்புகிறோம். நடைக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். ஓட்டுவது எங்கள் வீட்டில் நெடுநாளாக இருக்கும் டிரைவர். இதில் ஏதும் தப்பு வருமா? — வாசகி, பள்ளத்தூர்

பதில்: வரும் ஆச்சி. நல்லவேளை, விபத்து எதுவும் நடப்பதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள். இந்தப் பதிலைப் படித்ததும் முதல் வேலையாக, மகனிடம் இந்தத் தடவை பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரும் கொஞ்ச நாள் ஷெட்டிலேயே நிற்கட்டும்.

பாலிசி எடுத்தவர் இறந்தால் அந்தப் பாலிசி உடனே செத்துப்போவதில்லை. இறந்த நாளிலிருந்து 3 மாதம் வரை, அல்லது பாலிசி முடியும் நாள் வரை, இதில் எது முந்தியோ அதுவரை செல்லும். இது பாலிசிப் புத்தகத்தின் நிபந்தனைகளிலேயே அச்சாகியிருக்கும். அதற்குள் வாரிசுகள் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது புதுப் பாலிசி எடுக்க வேண்டும். உங்கள் கணக்கில் அந்த 3 மாதம் சித்திரையோடு முடிந்துவிட்டது. ஆவணி வரை தேதி இருக்கிறதே என்று நம்பி ஓட்டுவது ஆபத்து.

ஏஜெண்ட் சொன்னது இதைவிட மோசமான யோசனை. இறந்தவர் பெயரில் புதுப்பித்தால் கம்ப்யூட்டர் பணத்தை வாங்கிக்கொள்ளும், பாலிசியும் மெயிலில் வந்துவிடும். விபத்து நடந்து கிளைம் ஃபார்மை எடுத்து உட்காரும்போதுதான் தெரியும். அதில் பாலிசிதாரர் கையெழுத்து கேட்பார்கள். யார் ஓட்டினார், லைசென்ஸ் எண் என்ன, அந்த நேரத்தில் வண்டி எதற்காகப் போய்க்கொண்டிருந்தது, உள்ளே யார் யார் இருந்தார்கள் என்றெல்லாம் வரிசையாகக் கேள்வி இருக்கும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் ஆர்.சி. புத்தகத்தையும் பாலிசியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இறந்தவருக்காக யார் கையெழுத்துப் போடுவது? போட்டால் அது மோசடி, போடாவிட்டால் கிளைம் இல்லை. அதோடு, உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் சேர்த்து அவர் பெயரிலேயே பணம் கட்டுவீர்கள். யாருக்குமே பயன்படாத பணம் அது.

அந்த 50 சதவீத போனஸைப் பற்றிக் கவலையே வேண்டாம். என்.சி.பி. எனப்படும் அந்த போனஸ், அதாவது கிளைம் கேட்காத வருடங்களுக்காகக் கிடைக்கும் தள்ளுபடி, பொதுவாக ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியது அல்ல. ஆனால் உரிமையாளர் இறந்து, கார் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ வந்தால் அந்தச் சலுகையும் கூடவே அவர்களுக்கு வந்துவிடும். பெயர் மாற்றும்போது நீங்களே கேட்டு வாங்குங்கள். யாரும் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் மட்டும் போனஸ் போய்விடும்.

பெயர் மாற்றத்தில் முதலில் வருவது ஆர்.சி. அதற்கு இறப்புச் சான்றிதழும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு கொடுக்கலாம். பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 31. இதற்கும் 3 மாதம்தான் கெடு. தாண்டிவிட்டதால் தாமதத்துக்குப் பணம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். மகன் சிங்கப்பூரில் கையெழுத்திடுவதற்கு எந்த மாதிரி அத்தாட்சி வேண்டும் என்று முதல் தடவை போகும்போதே கேட்டுக்கொண்டால் இரண்டு தடவை அலைய வேண்டாம். இதெல்லாம் முடிகிற வரை காத்திராமல், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்றே எழுத்தில் தகவல் கொடுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

அடுத்தது அந்த நடைக் கூலி. உங்களுடையது ஓன் போர்டு வண்டி. தனியார் கார் பாலிசியில் வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டக்கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கும். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்குப் போகிற வழியில் பின்னால் இருப்பவருக்கு அடிபட்டால், அவர் போலீசில் முதலில் சொல்வதே “இவ்வளவு கொடுத்து வந்தோம்” என்பதாகத்தான் இருக்கும். காருக்கான கிளைம் அங்கேயே சிக்கிவிடும். சொந்த உபயோகத்துக்கென்று இன்சூர் செய்த வண்டியை வாடகைக்கு விட்ட ஒரு வழக்கில், முழுவதும் மறுக்காமல் ஒரு பகுதியைக் கொடுக்கச் சொல்லி 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஒரு பகுதிக்கே வண்டியின் உரிமையாளர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அடிபட்டவருக்கான நஷ்டஈடு இன்னும் பெரிய தொகை. கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று கோர்ட் சொல்வது உண்டு. அந்த வசூல் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

ஆகவே கூலி நடையை நிறுத்திவிடுங்கள் ஆச்சி. மஞ்சள் போர்டு, பெர்மிட், எஃப்.சி., வணிக இன்சூரன்ஸ் என்று மாற்றலாம்தான். மாதத்தில் சில நடைக்காக அது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்களைக் காசு வாங்காமல் காரைக்குடி ஸ்டேஷனிலிருந்து கூட்டிவருவதில் தப்பே இல்லை.

டிரைவரின் லைசென்ஸை வாங்கி, முடியும் தேதியை நீங்களே பாருங்கள். தேதி முடிந்தும் 30 நாள் வரை செல்லும் என்று முன்பு ஒரு சலுகை இருந்தது. 2019 சட்டத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். நெடுநாள் ஓட்டுகிறவர்கள் இன்னும் அந்தப் பழைய நினைப்பிலேயே இருக்கிறார்கள். 55 வயதைத் தாண்டியவருக்கு ஒவ்வொரு தடவையும் 5 வருடத்துக்குத்தான் புதுப்பிப்பார்கள்.

கார் இனி வேண்டாம் என்று விற்பதாக இருந்தாலும் முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு விற்பதே நல்லது. விற்கும்போது போனஸைத் தக்கவைக்கும் சான்றிதழைக் கம்பெனியிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது 3 வருடம் செல்லும், அதற்குள் நீங்கள் வேறு கார் வாங்கினால் அதற்குப் பயன்படும். வாங்குபவர் ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றியதை உறுதி செய்யாமல் வண்டியை மட்டும் ஓட்டிப்போக விட்டுவிடாதீர்கள்.