இன்சூரன்ஸ் இல்லாம குழந்தைக்கு ட்ரீட்மென்ட்: காசு எங்க போகுது, எங்க மிச்சம் பண்ணலாம் (கேள்வி பதில்)

ஃபெர்ட்டிலிட்டி சென்டர்ல கவுன்சிலரா பல வருஷம் இருந்தவ நான். டாக்டர் இல்ல, அதனால டோஸ் எல்லாம் என்கிட்ட கேக்காதீங்க, பில்லு பத்தி கேளுங்க.

அக்கா, எனக்கு 28, கல்யாணமாகி ஒன்றரை வருஷம். ஃப்ரீ கேம்ப் போனோம், நேரா ஐவிஎஃப் (டெஸ்ட் ட்யூப் பேபி) பேக்கேஜ் சொல்றாங்க. பண்ணிடலாமா?

மொதல்ல உங்க வீட்டுக்காரருக்கு விந்து பரிசோதனை பாத்தாச்சாம்மா? நெறைய வீட்ல பொண்ணுக்கு ஸ்கேன், ப்ளட் டெஸ்ட்னு பல ஆயிரம் போனப்புறம்தான் இந்த சின்ன டெஸ்டுக்கே வருவாங்க, அதுவும் மாமியாருக்குத் தெரியாம. 2-லேருந்து 7 நாள் விந்து வெளியேறாம இருந்துட்டு குடுக்கணும், ரிப்போர்ட் சரியில்லன்னா ஒடனே பயந்துடாம மூணு மாசம் கழிச்சு திரும்பப் பாருங்க, புது அணு உருவாக ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும். உங்களுக்கு தைராய்டு, ப்ரோலாக்டின்னு (பால் சுரக்க வைக்கற ஹார்மோன்) ப்ளட் டெஸ்ட், கருக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாக்க ஹெச்எஸ்ஜின்னு ஒரு எக்ஸ்ரே. இதெல்லாம் கைல இல்லாம எந்தப் பேக்கேஜுக்கும் அட்வான்ஸ் கட்டாதீங்க. கேம்ப்ல கன்சல்டேஷன்தான் ஃப்ரீ.

பாலிசி இருக்கு, சுத்தமா எதுவுமே கெடைக்காதா?

சாதாரண தனிநபர் பாலிசில குழந்தையின்மை சிகிச்சைய பெரும்பாலும் விலக்கித்தான் வச்சிருப்பாங்க. ஆனா கம்பெனி குரூப் பாலிசின்னா ஹெச்ஆர் கிட்ட கேளுங்க, சில எடத்துல ஐவிஎஃப்-க்குன்னு ஒரு லிமிட் இருக்கு, கூச்சப்பட்டு யாரும் கேக்கறதில்ல. அதிக ப்ளீடிங், வலிக்காக பண்ற ஃபைப்ராய்டு (கர்ப்பப்பை கட்டி) ஆபரேஷனுக்கு, பாலிசில சொன்ன வெயிட்டிங் பீரியட் முடிஞ்சிருந்தா க்ளெய்ம் பண்ணலாம். அதுக்காக காரணத்த மாத்தி எழுதச் சொல்லாதீங்க.

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கு, முட்டை வளர லெட்ரோசோல் மாத்திர எழுதிருக்காங்க. அது தடை பண்ண மாத்திரன்னு ஃபார்வர்டு வருது சிஸ்?

பழைய கதை. 2011-ல இந்தியால குழந்தையின்மைக்கு இத குடுக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க, 2017-ல அந்தத் தடைய எடுத்துட்டாங்க. முட்டை வெடிக்காத பிசிஓஎஸ்-க்கு இப்ப மொதல்ல குடுக்கறதே இதுதான், முட்டை வளர போடற ஊசியோட பாத்தா விலை ஒண்ணுமே இல்ல. வெயிட் கூட இருந்தா ஒரு 5 பர்சன்ட் கொறஞ்சாலே சிலருக்கு பீரியட்ஸ் ஒழுங்காகுது. மெட்ஃபார்மின் (சுகருக்கு குடுக்கற மாத்திரதான்) எழுதிருந்தா மக்கள் மருந்தகத்துல வாங்குங்க.

ஒன்றரை லட்சம்னு சொன்னாங்க, இப்ப எஸ்டிமேட் ரெண்டே முக்காலுக்கு நிக்குது!

இது தெனம் பாக்கற கதைங்க. போர்டுல எழுதுற ரேட்டுல பெரும்பாலும் ஊசி இருக்காது. பேப்பர் எடுத்து எழுதி வாங்குங்க: ஊசி எவ்ளோ, மயக்க மருந்து எவ்ளோ, இக்ஸி (ஒரு அணுவ நேரா முட்டைக்குள்ள செலுத்தறது) தனியா எவ்ளோ, கரு ஃப்ரீஸ் பண்ண எவ்ளோ, வருஷ வாடகை எவ்ளோ, பின்னால அந்த ஃப்ரோசன் கருவ வைக்க எவ்ளோ. கடைசியா சொன்னதுதான் எல்லாரையும் கவுக்கறது. ஊசில ஹெச்எம்ஜின்னு யூரின்ல இருந்து எடுக்கறது வெல கம்மி, ரிசல்ட்ல, லேப்ல தயாரிக்கற ரீகாம்பினன்ட் ஊசியோட பெரிய வித்தியாசம் இல்ல, உங்களுக்கு ஒத்து வருமான்னு டாக்டர கேக்கலாம். ஆணோட அணு நல்லா இருந்தா இக்ஸி எதுக்குன்னும் கேளுங்க. அப்புறம் ஈஆர்ஏ டெஸ்ட் (கரு வைக்க எந்த நேரம் சரின்னு கர்ப்பப்பை உள்சுவர எடுத்துப் பாக்கறது), கர்ப்பப்பைய ஸ்க்ராட்ச் பண்றதுன்னு நீட்டுவாங்க, எல்லாருக்கும் வழக்கமா பண்ணணும்ங்கறதுக்கு ஆதாரம் இல்ல. இங்கிலாந்துல ஹெச்எஃப்இஏன்னு அரசு அமைப்பு இந்த எக்ஸ்ட்ராக்களுக்கு கலர் போட்டு ரேட்டிங் குடுக்குது, மொபைல்லயே பாத்துட்டு போங்க. "ஏன் எனக்கு?"ன்னு கேட்டா பாதி அயிட்டம் தானா எஸ்டிமேட்ல இருந்து எறங்கிடும், நானே பாத்திருக்கேன்.

கவர்மென்ட்ல பண்றாங்களா?

சென்னை எழும்பூர் அரசு தாய் சேய் ஆஸ்பத்திரில கருத்தரிப்பு மையம் இருக்கு. பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுத்துட்டு காலைலயே ஓபிக்கு போங்க, கூட்டம் இருக்கும்.

எனக்கு 37. ரெண்டு வருஷம் சீட்டு போட்டு காசு சேத்துட்டு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம்.

வேணாம்மா. 35 தாண்டுனா ஆறு மாசம் முயற்சி பண்ணிட்டு டாக்டர பாக்கணும்னே சொல்றாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு முட்டை கொறஞ்சா ஒரு ஐவிஎஃப் சைக்கிளுக்கு (ஒரு தடவைக்கு) பதில் ரெண்டு, மூணு பண்ற மாதிரி ஆகும், சேத்த சீட்டுக் காசு அதுலயே போய்டும். டெஸ்ட் மட்டும் இந்த மாசமே முடிங்க, முட்டை எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாக்கற ஏஎம்ஹெச் ப்ளட் டெஸ்ட் எந்த நாள்லயும் எடுக்கலாம், வெறும் வயிறும் வேணாம்.

சென்டர் மாத்தப் போறோம், எல்லா டெஸ்டும் மறுபடி எடுக்கச் சொல்வாங்களே?

ஹெச்எஸ்ஜி ஃபிலிம், ஊசி சார்ட், எத்தன முட்டை எடுத்தாங்க, கரு எந்த நாள், என்ன கிரேடு, எல்லாத்தையும் டிஸ்சார்ஜ் சம்மரில எழுதி வாங்கிட்டு கெளம்புங்க. புது எடம் 2021 ஏஆர்டி (செயற்கை கருத்தரிப்பு) சட்டப்படி ரிஜிஸ்டர் ஆனதான்னும் பாத்துக்கங்க. மூணு மாசம் முன்னாடி எடுத்த தைராய்டு ரிப்போர்ட்ட திரும்ப எடுக்கச் சொன்னா ஏன்னு கேளுங்க.