சாக்கெட் சிஸ்டம் கால்களைச் சீரமைக்கலாமா? கேள்வி-பதில்

லினக்ஸ் கெர்னலின் நெட்வொர்க் பகுதியில் வேலை பார்க்கத் தொடங்கியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானவை, சாக்கெட் சிஸ்டம் கால்கள் (நெட்வொர்க் இணைப்புக்காகப் பயனர் நிரல் கெர்னலிடம் விடுக்கும் அழைப்புகள்) முதலில் வந்து சேரும் 'சாக்கெட்.சி' என்ற ஒரு கோப்பைப் பற்றியவை.

சாக்கெட், பைண்ட், கனெக்ட் என எதை எடுத்தாலும் சிஸ்டம் காலின் உடல் ஒரே வரி. அது இரட்டை அடிக்கோட்டில் தொடங்கும் இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது, அவ்வளவே. இரண்டையும் ஒன்றாக்கிவிடலாமா?

வேண்டாம். 2018 வரை கெர்னலுக்குள் ஓரிடத்திலிருந்து சிஸ்டம் காலை நேரடியாகக் கூப்பிடுவது சகஜமாக இருந்தது. அந்த ஆண்டு வந்த 4.17 பதிப்பில் 64 பிட் எக்ஸ்86 கணினிகளுக்கு அழைப்பு முறையே மாறியது. இப்போது சிஸ்டம் காலின் வாசலுக்கு வருவது, சேமித்து வைத்த ரெஜிஸ்டர்களை (செயலியின் சிறு சேமிப்பிடங்களை) காட்டும் ஒரு பாயின்டர் மட்டும்தான். தனக்குத் தேவையான மதிப்புகளை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. பயனர் நிரல் மற்ற ரெஜிஸ்டர்களில் விட்டுவைத்தவை கெர்னலுக்குள் ஆழமாகப் போய்விடக் கூடாது என்பது நோக்கம். இதனால் அந்த வாசலைச் சாதாரண ஃபங்ஷன் போல உள்ளிருந்து கூப்பிட முடியாது. உண்மையான வேலை தனி ஃபங்ஷனாகப் பிரிந்தது அதற்காகத்தான்.

அந்த உள் ஃபங்ஷனுக்கு வேறு வாடிக்கையாளர்களும் உண்டு. 32 பிட் எக்ஸ்86-இல் 102 என்ற ஒரே எண்ணுக்குள் 20 சாக்கெட் வேலைகளை அடக்கிய பழைய 'சாக்கெட்கால்' இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தக் கட்டமைப்புக்கு நேரடி அழைப்புகள் 2015-இல், 4.3 பதிப்பில்தான் வந்தன. அப்புறம், வேலைகளை வரிசையில் போட்டுக் கெர்னலிடம் ஒப்படைக்கும் ஐஓ யூரிங். அதன் கையில் திறந்த கோப்பு ஏற்கெனவே இருப்பதால், கோப்பின் எண்ணை (எஃப்டி) கொடுத்து மறுபடி தேட வைப்பது வீண். அதற்காகவே அக்செப்ட், கனெக்ட் இரண்டும் கோப்பையே வாங்கிக்கொள்ளும் இன்னோர் அடுக்காகப் பிரிந்தன. எங்கே வெட்டுவது என்று யோசிக்கும்போது வரிகளை எண்ணாதீர்கள். யார் கூப்பிடுகிறார்கள், அவர்கள் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சோதனைகளின் வரிசையை மாற்றினால் ஏதாவது கெட்டுவிடுமா?

பயனர் நிரலும் உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடுபவர்தான். எந்தப் பிழை எண் முதலில் வருகிறது என்பது அவருக்குத் தெரியும். வரும் இணைப்பை ஏற்கும் அக்செப்ட்4-ஐயே பாருங்கள். முன்பு ஃபிளாக் (விருப்பக் குறி) சோதனை முதலில் நடந்தது. ஃபிளாக், எஃப்டி இரண்டும் தவறு என்றால் 22 (தவறான மதிப்பு) கிடைக்கும். மேலே சொன்ன பிரிப்புக்குப் பிறகு எஃப்டியைத் தேடுவது முந்திக்கொண்டது. அதே நிரலுக்கு இப்போது 9 (தவறான எஃப்டி) கிடைக்கிறது. இரண்டு தவறு செய்த நிரலுக்கு எது கிடைத்தால் என்ன என்று இதை ஏற்கலாம். ஆனால் அப்படி ஒரு மாற்றம் நடப்பதைப் பேட்ச் (அனுப்பும் மாற்றத் தொகுப்பு) விளக்கத்தில் எழுதுங்கள். சோதனை ஒன்று, திரும்பப் பெற முடியாத ஒரு செயலுக்குப் பின்னால் நகர்கிறது என்றால் மட்டும் ஏற்கவே கூடாது.

'சாக் நான்பிளாக்' மதிப்பு 'ஓ நான்பிளாக்' மதிப்புக்குச் சமமில்லையா என்று ஓர் இஃப் இருக்கிறது (இரண்டும் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லும் குறிகள்). என் கணினியில் இரண்டும் ஒன்றே. நீக்கலாமா?

ஆல்ஃபா என்ற பழைய கணினிக் கட்டமைப்பில் ஒன்றல்ல. அங்கே 'ஓ நான்பிளாக்' 4. அந்த பிட் சாக்கெட் வகை எண்களோடு மோதும் என்பதால் 'சாக் நான்பிளாக்' குறிக்கு வேறு மதிப்பு. உங்கள் கணினியில் கம்பைலரே அந்த வரியைத் தூக்கிவிடும். விட்டுவிடுங்கள்.

ஒன்றோடொன்று இணைந்த இரண்டு சாக்கெட்டுகளைத் தரும் சாக்கெட்பேரில் எஃப்டி எண்களைப் பயனருக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் சாக்கெட்டே உருவாகிறது. தலைகீழாக இருக்கிறதே?

எனக்கு மிகவும் பிடித்த வரிசை இது. எஃப்டியை அட்டவணையில் பொருத்திவிட்டால் அதே நிரலின் இன்னொரு திரெட் அந்தக் கணமே அதைப் படிக்கலாம், மூடலாம், நகலெடுக்கலாம். அதன் பிறகு பிழை வந்தால் பின்வாங்க வழியில்லை. அதனால் தோற்கக் கூடிய எல்லாம் முன்னால் வருகின்றன: இரண்டு எண்களை ஒதுக்குவது, அவற்றைப் பயனர் நினைவகத்தில் எழுதுவது, சாக்கெட்டுகளை உருவாக்குவது, கோப்புகளை இணைப்பது. பொருத்துவது கடைசி, அது தோற்காது. 'இயல்பான' வரிசைக்கு மாற்றினால், பயனர் கொடுத்த முகவரி தவறாக இருக்கும்போது யாருக்கும் எண் தெரியாத திறந்த சாக்கெட்டுகள் மிஞ்சும்.

பிழைப் பாதைகளை ஒரே லேபிளில் சேர்க்க நினைத்தால் இன்னொன்றையும் பாருங்கள். சாக்கெட்டுக்குக் கோப்பு ஒதுக்கும் ஃபங்ஷன் தோற்றால், சாக்கெட்டை அதுவே விடுவித்துவிடுகிறது. உங்கள் பொது லேபிளும் விடுவித்தால் இருமுறை விடுவிப்பு. யார் கையில் உரிமை இருக்கிறது என்பதை ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் எழுதிப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சாக்கெட்டின் அமைப்புகளை மாற்றும் செட்சாக்ஆப்ட் இப்போது 'சாக்பிடிஆர்' வாங்குகிறது. பயனர் பாயின்டரே போதாதா?

முன்பு கெர்னல் தன் சொந்த முகவரியை அனுப்ப வேண்டுமென்றால் 'செட் எஃப்எஸ்' மூலம் முகவரிச் சோதனையையே தளர்த்தும். திரும்ப இறுக்க மறந்தால் பயனரே கெர்னல் நினைவகத்தைத் தொடலாம். 2020-இல், 5.9 பதிப்பில், பாயின்டரோடு அது யாருடையது என்ற குறிப்பையும் சேர்த்துச் சுமக்கும் இந்த வகை வந்தது.

இங்கே சீரமைப்பவர் கவனிக்க வேண்டியது நீளம். பயனர் சொன்ன நீளத்தைச் சோதிக்காமல் முழு ஸ்ட்ரக்டையும் நகலெடுத்தால், பயனர் பாயின்டர் என்றால் அவருடைய நினைவகம்தான் படிக்கப்படும். ஆனால் சிகுரூப் பிபிஎஃப் நிரல் (ஒரு நிரல் குழுவுக்காகக் கெர்னலுக்குள் ஏற்றப்படும் சிறு நிரல்) இடையில் புகுந்தால் வருவது கெர்னலில் ஒதுக்கிய இடம். எல்லை தாண்டிய வாசிப்பு அங்கே உண்மையான பிழை. நீளத்தையும் சேர்த்துச் சோதிக்கும் 'காப்பி சேஃப்' வடிவம் 2024-இல் வந்தது அதற்காகத்தான். புதிதாக எழுதுவதில் அதையே பயன்படுத்துங்கள்.

சுத்தம் செய்யும் பேட்ச் மட்டும் அனுப்பினேன், எடுத்துக்கொள்ளவில்லை. ஏன்?

வேறு வேலையோடு சேராத எளிய சுத்தப்படுத்தலை நெட்வொர்க் பராமரிப்பாளர்கள் ஊக்குவிப்பதில்லை. அவர்களுடைய வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு நகர்த்தலும் பழைய திருத்தங்களை முந்தைய பதிப்புகளுக்குக் கொண்டுபோவதைக் கடினமாக்குகிறது. ஆகவே உங்களுக்கு வேண்டிய அம்சத்துக்கு வழிவிடும் சீரமைப்பாக அனுப்புங்கள். முதல் பேட்சில் நகர்த்தல் மட்டும், ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. கிட் கருவியின், நகர்ந்த வரிகளைத் தனி நிறத்தில் காட்டும் வசதியால் அதைச் சரிபார்க்கலாம். நடத்தை மாற்றம் அடுத்த பேட்சில். தொடர் 15 பேட்சுகளைத் தாண்டக் கூடாது. மறுபதிப்புக்கு முன் குறைந்தது 24 மணி நேரம் பொறுங்கள். அனுப்புவதற்கு முன் ஸ்பார்ஸ் என்ற குறியீட்டுச் சோதனைக் கருவியை ஓட்டுங்கள். பயனர் பாயின்டர் குறி எங்காவது தொலைந்திருந்தால் அது சொல்லிவிடும்.