பட்டம் முடித்தபின் ரேடியோகிராபர் ஆவது: லண்டனில் வசிக்கும் தாய் ஒருவருக்குப் பதில்

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

பயோமெடிக்கல் சயன்ஸில் பட்டம் பெற்ற தங்கள் மகள், எக்ஸ்ரே போன்ற நோயறியும் படங்களை எடுக்கும் ரேடியோகிராபர் ஆக எந்தப் படிப்பில் சேரலாம் என்று கேட்டிருந்தீர்கள். தாங்கள் அனுப்பியிருந்த பட்டியலில் உள்ள மூன்று முதுநிலைப் படிப்புகளில் இரண்டு, அவரை ரேடியோகிராபர் ஆக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவை மோசடிப் படிப்புகள் அல்ல. நல்ல பல்கலைக்கழகங்கள் நடத்தும் தரமான படிப்புகளே. ஆனால் அவை ஏற்கெனவே ரேடியோகிராபராகப் பணிபுரிகிறவர்கள் சி.டி., எம்.ஆர்.ஐ. போன்ற பிரிவுகளில் மேற்பயிற்சி பெறுவதற்காக வைக்கப்பட்டவை. பயோமெடிக்கல் சயன்ஸில் பட்டம் பெற்ற ஒருவர் அதில் சேர்ந்து, பணம் கட்டி, நல்ல மதிப்பெண்ணுடன் தேறி வெளியே வந்தாலும், எந்த மருத்துவமனையிலும் ஒரு கை எலும்பைக்கூட ரேடியோகிராபர் என்ற தகுதியில் படம் எடுக்க முடியாது.

காரணம் சட்டம். பிரிட்டனில் ‘டயக்னாஸ்டிக் ரேடியோகிராபர்’ என்பது பாதுகாக்கப்பட்ட பணிப்பெயர். எச்.சி.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் மன்றத்தின் பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமே அப்பெயரைப் பயன்படுத்தலாம். இங்கே படித்தவர் அந்தப் பதிவேட்டில் சேர, மன்றம் அங்கீகரித்த படிப்பை முடித்திருக்க வேண்டும். வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களுக்கென்றே இருக்கும் அத்தகைய முதுநிலைப் படிப்புகளை ‘ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்’, அதாவது பதிவுக்கு முந்தைய படிப்பு என்று குறிப்பிடுவார்கள். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். எடின்பரோவின் குயின் மார்கரெட், மிடில்ஸ்பரோவின் டீசைட் ஆகிய பல்கலைக்கழகங்கள் இவ்வகைப் படிப்பை நடத்துவனவற்றுள் அடங்கும். விளம்பரத்தில் ‘மெடிக்கல் இமேஜிங்’ என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் பொருட்படுத்தாமல், எச்.சி.பி.சி. இணையதளத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் அதே பெயரில் இருக்கின்றனவா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. படிப்பில் சேர்த்துவிடும் முகவர் இதைச் செய்து தரமாட்டார்; அவருக்கு எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் தரகு ஒன்றுதான்.

‘தெரப்யூட்டிக் ரேடியோகிராபி’ என்பது புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் தனித் தொழில் என்பதையும் கவனிக்க வேண்டும். பதிவேடு ஒன்றுதான் என்றாலும் பயிற்சி வேறு, பணி வேறு. ‘ஏன் இந்தப் படிப்பு’ என்று விண்ணப்பத்தில் எழுதும் குறிப்பை இரண்டுக்கும் ஒன்றாகவே அனுப்பிவிட்டு நேர்முகத் தேர்வில் திணறும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

செலவைப் பற்றி. ஏற்கெனவே ஒரு பட்டத்துக்குக் கல்விக்கடன் வாங்கியாயிற்று, இனிமேல் அரசு எதுவும் தராது என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றப் படிப்புகளுக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் சரி, இதற்குச் சரியல்ல. இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டிலிருந்து, பதிவுக்கு முந்தைய முதுநிலைச் சுகாதாரப் படிப்புகளுக்கு, முன்பு பட்டம் பெற்றிருந்தாலும், இளநிலை மாணவருக்குரிய கல்விக் கட்டணக் கடனும் வாழ்க்கைச் செலவுக் கடனும் கிடைக்கின்றன. இது சாதாரண முதுநிலைக் கடன் அல்ல. விண்ணப்பத்தில் தவறான கடனைத் தேர்ந்தெடுத்துவிட்டால் திருத்துவதற்குள் ஒரு பருவம் போய்விடும், ஆகவே அந்த இடத்தில் நிதானமாக இருக்கச் சொல்லுங்கள். இதற்குமேல் என்.எச்.எஸ். எனப்படும் அரசு மருத்துவச் சேவையின் கற்றல் ஆதரவு நிதியிலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண்டு திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத உதவித்தொகையாகவும், ஆள் பற்றாக்குறை உள்ள துறை என்பதால் ரேடியோகிராபிக்குக் கூடுதலாக 1,000 பவுண்டும் உண்டு. தொலைவிலுள்ள மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போனால், வழக்கமான பயணச் செலவுக்கு மேற்பட்டதையும் பயிற்சிக்காக எடுக்கும் இரண்டாவது தங்குமிடச் செலவையும் கேட்டுப் பெறலாம். ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் குடியுரிமை, நிரந்தர வசிப்புரிமை போன்ற தகுதியும், படிப்பு தொடங்குமுன் மூன்று ஆண்டு வசிப்பும் உள்ளவர்களுக்கே. தங்கள் மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் அதில் சிக்கல் இல்லை. உதவித்தொகை இங்கிலாந்தில் உள்ள பல்கலைக்கழகத்தில் படித்தால்தான் கிடைக்கும். ஸ்காட்லாந்தையோ வேல்ஸையோ தேர்ந்தெடுத்தால் நிதி விதிகள் மாறும் என்பதால், எடின்பரோ அழகான ஊர் என்பதற்காக மட்டும் முடிவெடுக்க வேண்டாம். பழைய கடன், புதிய கடன் இரண்டுக்கும் சம்பளத்தில் இரட்டைப் பிடித்தம் விழுமோ என்ற பயமும் வேண்டாம். இரண்டும் இளநிலை வகைக் கடன்களாக இருக்கும்வரை, குறைந்த வருமான வரம்புக்கு மேற்பட்ட தொகையில் மொத்தமாக 9 விழுக்காடு மட்டுமே பிடிப்பார்கள்.

இனி, கடிதத்தின் கடைசி வரியில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கும் கவலைக்கு வருகிறேன். அதுதான் உண்மையில் தங்களை உறங்கவிடாத கவலை என்று எனக்குப் படுகிறது: நாள் முழுதும் எக்ஸ்ரே அறையில் நிற்கும் பெண்ணுக்கு நாளைக்குத் திருமணம், பிள்ளைப்பேறு என்று வரும்போது ஏதாவது ஆகிவிடாதா? இக்கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் உறவினர் சொன்னதை வைத்து விடை தேடவும் வேண்டாம். பிரிட்டனில் வாழும் ஒருவர், எந்த வேலை செய்தாலும், மண்ணிலிருந்து வரும் ரேடான் வாயு, வானிலிருந்து வரும் கதிர்கள், உணவு, மருத்துவப் பரிசோதனைகள் ஆகியவற்றால் ஆண்டுக்குச் சராசரியாக 2.7 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சைப் பெறுகிறார். ஒரு மார்பு எக்ஸ்ரேயில் நோயாளிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.014 மில்லிசீவர்ட். ரேடியோகிராபர் அந்தக் கதிரின் பாதையில் நிற்பதே இல்லை. பொத்தானை அழுத்தும்போது ஈயக் கண்ணாடித் தடுப்பின் பின்னால் நிற்பார். வார்டுக்கு எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போய் எடுக்கும்போது ஈய மேலங்கி அணிந்து விலகி நிற்பார். தூரம் இரண்டு மடங்கானால் சிதறிவரும் கதிர்வீச்சு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பதால், இரண்டடி பின்னால் நகர்வதே ஒரு பாதுகாப்பு. கதிர்வீச்சுப் பணியாளருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்றாலும், சாதாரண எக்ஸ்ரே பிரிவில் பணியாற்றுவோர் பெறும் அளவு அதற்கு மிகமிகக் கீழேதான் இருக்கும். அதை அளக்கும் சிறு பட்டையைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். அளவு வழக்கத்தைவிடக் கூடினால் ஏன் என்று விசாரிப்பார்கள்.

கருவுற்றால், நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்த நாளிலிருந்து மகப்பேறு வரை சிசு பெறக்கூடிய அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். மாணவியாக இருக்கும்போதும் இந்தப் பாதுகாப்பு உண்டு. பெரும்பாலும் வேலையை விடுவதில்லை. பணி ஒதுக்கீட்டைச் சற்று மாற்றிக்கொள்கிறார்கள். நேரம் தாழ்த்தாமல் சொல்லிவிடுவதே இதில் முக்கியம். ‘மூன்று மாதம் வரை யாருக்கும் சொல்லக்கூடாது’ என்ற நம் வீட்டு வழக்கத்தைத் தயவுசெய்து இந்த ஒரு விஷயத்தில் தளர்த்திக்கொள்ளுங்கள்.

கதிர்வீச்சைவிட நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. இது உடலால் செய்யும் வேலை, மனிதரைத் தொட்டுச் செய்யும் வேலை. ஆய்வகத்தில் நுண்ணோக்கியோடு மூன்று ஆண்டு பழகிய பெண்ணுக்கு அது பிடிக்குமா என்பதே கேள்வி. இரவு பதினொரு மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து, விழுந்து இடுப்பெலும்பு முறிந்த எண்பது வயது மூதாட்டியைத் தள்ளுகட்டிலில் கொண்டுவருவார்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அவருக்கு மறதி நோய் இருந்தால் கைப்பட்டையைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டுப் படத்துக்கு முறிந்த காலைத் திருப்ப முடியாது என்பதால் கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்தி, நல்ல காலைத் தூக்கி நிறுத்தி, அவர் வலியில் கத்தும்போதும் கை நடுங்காமல், ஒரே தடவையில் படம் சரியாக விழும்படி எடுக்க வேண்டும். இரண்டாவது தடவை எடுத்தால் இரண்டாவது அளவு கதிர்வீச்சு. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கதிர்வீச்சு விதிமுறைகளின்படி அந்தப் படத்தை எடுத்தவர் சட்டப் பொறுப்புடையவர். மருத்துவர் கேட்டுவிட்டார் என்பதற்காக எடுக்க முடியாது; அந்தப் பரிசோதனை தேவைதானா என்பதற்கு நியாயம் இருக்க வேண்டும், இல்லையெனில் கேள்வி கேட்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் ஒரு மூத்த மருத்துவரிடம் ‘இது ஏன்?’ என்று பணிவோடு கேட்கும் துணிவு எல்லோருக்கும் உடனே வந்துவிடாது. அதைப் பயிற்றுவிப்பதற்காகத்தான் படிப்பின் கணிசமான பகுதி மருத்துவமனையில் நடக்கிறது.

அந்த இரண்டு ஆண்டும் நெருக்கடியானவை. மூன்றாண்டு இளநிலைப் பாடத்தைச் சுருக்கி, உடற்கூறு, கதிர்வீச்சு இயற்பியல், படங்களில் நோய்க்குறி காணுதல், ஆய்வுக் கட்டுரை என அனைத்தையும் அடைத்திருப்பார்கள். கோடை விடுமுறை என்று பெரிதாக எதுவும் இராது. பயிற்சிக்குக் காலை எட்டு மணிக்கு முன்பே வேறொரு நகரத்து மருத்துவமனையில் இருக்க வேண்டி வரலாம். மாலை, வார இறுதிப் பணிகளும் வரும். தேறியபின் பெரிய மருத்துவமனைகளில் இரவுப் பணி நிச்சயம். வார இறுதிப் பகுதிநேர வேலையை நம்பிக் குடும்பச் செலவைத் திட்டமிட்டிருந்தால், அதை இப்போதே மறுபடி யோசியுங்கள்.

இடம் கிடைப்பதைப் பற்றி: பட்டத்தில் 2:1 (மேல் இரண்டாம் வகுப்பு) போதுமானது, சில இடங்களில் 2:2 (கீழ் இரண்டாம் வகுப்பு) உள்ளவர்களையும் அழைக்கிறார்கள். மருத்துவமனைகள் ஏற்கக்கூடிய பயிற்சி மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதால் வகுப்புகள் சிறியவை, போட்டி கடுமை. மதிப்பெண்ணைவிட நேர்முகத் தேர்வில் விழுவோரே அதிகம். அங்கே ‘மருத்துவம் கிடைக்கவில்லை, அதனால் வந்தேன்’ என்ற வாசனை அடித்தால் போதும், கதவு மூடிவிடும். விண்ணப்பிக்கும் முன் ஒரு எக்ஸ்ரே பிரிவை உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத் திறந்த நாள்களில் வழி கேட்கலாம். பக்கத்து மருத்துவமனையின் கதிர்ப்படப் பிரிவுக்கு நேரடியாக எழுதிக் கேட்கலாம். இன்னும் நல்லது, ‘பேண்ட்’ எனப்படும் என்.எச்.எஸ். சம்பளப் படிநிலையில் பேண்ட் 2 அல்லது 3 நிலையில் பிரிவு உதவியாளராக ஓராண்டு வேலை செய்வது. பட்டம் பெற்ற பிள்ளை நோயாளியின் சக்கர நாற்காலியைத் தள்ளுவதா என்று தோன்றலாம். அந்த ஓராண்டில் வேலை பிடித்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். பிடித்திருந்தால் நேர்முகத் தேர்வில் அவர் பேசுவதே வேறு மாதிரி இருக்கும்.

‘டாக்டர் இல்லையே’ என்று தங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லைதான். படத்துக்கு மருத்துவ அறிக்கை எழுதும் ரேடியாலஜிஸ்ட், மருத்துவப் படிப்பு முடித்து அதற்குமேல் பல ஆண்டு சிறப்புப் பயிற்சி பெற்றவர். அந்த இடத்துக்கு இது குறுக்குவழி அல்ல. ஆனால் பிரிட்டனில் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மற்றப் பல நாடுகளில் இருப்பதைப்போல் அவ்வளவு கெட்டியானதல்ல. 1980களில், தங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நார்த்விக் பார்க் மருத்துவமனையில்தான், எலும்பு முறிவு தெரியும் எக்ஸ்ரேயில் ரேடியோகிராபரே ஒரு சிவப்புப் புள்ளியை ஒட்டி அவசரப் பிரிவு மருத்துவரை உஷார்ப்படுத்தும் முறையைச் சோதித்துப் பார்த்து, தவறுகள் குறைவதாக 1985இல் வெளியிட்டார்கள். அது நாடெங்கும் பரவியது. இன்று கூடுதல் முதுநிலைப் பயிற்சி பெற்ற ரேடியோகிராபர்கள் எலும்பு எக்ஸ்ரேக்களுக்குத் தாங்களே அறிக்கை எழுதுகிறார்கள். அல்ட்ராசவுண்ட் பக்கம் போகிறவர்களும் உண்டு. அதற்குத் தேறியபின் தனிப் பயிற்சி வேண்டும். முதல் வேலை பேண்ட் 5. 2025-26 அட்டவணைப்படி இங்கிலாந்தில் ஆண்டுக்கு 31,049 பவுண்டில் தொடங்குகிறது. லண்டன் படியும் இரவு, வார இறுதிக் கூடுதலும் தனி. பேண்ட் 6 தொடக்கம் 38,682. மருத்துவமனைகளுக்கு வெளியே 2021 முதல் திறக்கப்பட்டுவரும் சமூகப் பரிசோதனை மையங்களிலும் ஆள் தேவைப்படுகிறது. ஆனாலும் ஹாரோவிலிருந்து பேருந்தில் போகிற தூரத்தில்தான் முதல் வேலை வேண்டும் என்று நின்றால் காத்திருக்க நேரலாம். லெஸ்டருக்கோ மிடில்ஸ்பரோவுக்கோ போகச் சம்மதம் என்றால் வாய்ப்பு விரியும்.

மதுரையில் பி.எஸ்சி. ரேடியோகிராபி முடித்து அங்கேயே ஒரு மருத்துவமனையில் பணிபுரியும் தங்கள் அண்ணன் மகனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவர் வழி முற்றிலும் வேறு. அவருக்கு மேலே சொன்ன இரண்டாண்டுப் படிப்பு தேவையில்லை. அதில் சேர்ந்தால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்டித் தெரிந்ததையே மறுபடி படிப்பார். அவர் எச்.சி.பி.சி.யின் வெளிநாட்டு விண்ணப்பதாரர் வழியாக நேரடியாகப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பாடத்திட்டத்தையும் மருத்துவமனைப் பயிற்சியின் விவரத்தையும் பணி அனுபவத்தையும் மன்றம் தன் தரநிலைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். குறை கண்டால் தேர்வோ, மேற்பார்வையில் சில காலப் பணியோ கேட்கலாம். ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் மொத்தம் 7.0, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையாமல் வேண்டும். எழுத்துப் பகுதியில்தான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் அரைப் புள்ளியில் தவறுகிறார்கள், ஆகவே பயிற்சியை அங்கிருந்து தொடங்கட்டும். கல்லூரியிடமிருந்து முழுப் பாடத்திட்டத்தையும் பயிற்சி மணிநேரச் சான்றையும் முத்திரையுடன் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஊரில் இருக்கும்போதே நேரில் போய்க் கேட்டால்தான் அது நடக்கும்.