ரூ. 500-ஐ எப்படிப் படிக்க வைப்பது? என்விடிஏ உச்சரிப்பு அகராதி: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி பக்கம் திரைவாசிப்பானோடு, அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் மென்பொருளோடு, வேலை செய்யும் பார்வையற்ற நண்பர்கள் கேட்டவை இவை. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். பெரும்பாலும் என்விடிஏ (NVDA) என்ற விண்டோஸ் திரைவாசிப்பான் பற்றியே சொல்கிறேன். எந்த எழுத்தை எப்படி ஒலிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைக்கும் பட்டியல்தான் உச்சரிப்பு அகராதி. அது இலவசம், நம்மில் பலரிடம் இருப்பதும் அதுதான்.

மஞ்சக்குப்பம்: சார், அகராதி மூன்று இருக்கிறதே, எதில் எழுதுவது?

என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்செர்ட்) என் (N) எழுத்தை அழுத்தினால் மெனு வரும். பிரிஃபரன்சஸ், அதற்குள் ஸ்பீச் டிக்‌ஷனரீஸ். டீஃபால்ட்டில் எழுதினால் எல்லாக் குரலுக்கும் பொருந்தும். வாய்ஸில் எழுதினால் இப்போது பேசும் குரலுக்கு மட்டும். டெம்பரரியில் எழுதியது என்விடிஏவை மூடியதும் போய்விடும். ஆங்கிலக் குரல் நெய்வேலியையும் விருத்தாசலத்தையும் கடித்துக் குதறுகிறது என்றால் அதை வாய்ஸில் போடுங்கள். விண்டோஸின் தமிழ்க் குரலான வள்ளுவருக்கு அந்தத் திருத்தம் தேவையில்லை.

பண்ருட்டி: பத்திரங்களில் த/பெ, க/பெ என்று வருவதை வெறும் எழுத்தாகப் படிக்கிறது.

டீஃபால்ட்டில் 'த/பெ' என்பதற்கு 'தந்தை பெயர்', 'க/பெ' என்பதற்குக் 'கணவர் பெயர்'. வகை எனிவேர் (எங்கே வந்தாலும் மாற்றுவது) போதும், நடுவில் சாய்கோடு இருப்பதால் வேறு சொல்லில் மாட்டாது. அகராதி முதலில் ஓடும், நிறுத்தற்குறிகளைக் கவனிப்பது அப்புறம்தான். அதனால் சாய்கோடு காதில் விழாவிட்டாலும் இது வேலை செய்யும்.

நெல்லிக்குப்பம்: அண்ணா, 'ரூ' என்றால் 'ரூபாய்' என்று கொடுத்தேன். கரூர் 'கரூபாய்ர்' ஆகிவிட்டது. தனிச் சொல்லாக வந்தால் மட்டும் மாற்றும் ஹோல் வேர்டுக்கு மாற்றினேன். கரூர் சரியானது, திருவாரூர் இன்னும் 'திருவாரூபாய்ர்'. ரூ500 சரியாக வருகிறது, ரூ. 500 வரவில்லை. ஏன்?

நல்ல கேள்வி தம்பி. இரண்டு எழுத்து, மூன்று எழுத்துத் துண்டை எனிவேரில் போடாதீர்கள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். எனிவேரில் 'ரூபாய்' என்ற சொல்லே 'ரூபாய்பாய்' ஆகிவிடும்.

ஹோல் வேர்டு ஏன் கைவிட்டது? என்விடிஏ பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. சொல் எங்கே முடிகிறது என்று பைத்தான் பார்க்கும்போது நம் புள்ளியையும் துணைக்கால், கொம்பு, சுழி போன்ற குறிகளையும் எழுத்தாகச் சேர்ப்பதில்லை. திருவாரூரில் 'வா'வின் காலோடு ஒரு சொல் முடிந்தது என்று நினைக்கிறது. 'ரூ'வின் சுழிக்குப் பிறகு இன்னொன்று தொடங்குகிறது என்று நினைக்கிறது. இடையில் இருக்கும் ரூ தனிச் சொல்லாகிவிடுகிறது. கரூரில் 'க'வுக்கு அடுத்து நேராக 'ர' வருவதால் தப்பித்தது. 'ரூ.' என்பதிலோ சுழியும் எழுத்தில்லை, முற்றுப்புள்ளியும் எழுத்தில்லை. எல்லையே இல்லாததால் தொடவில்லை. ஆகவே தமிழுக்கு ஹோல் வேர்டை நம்பாதீர்கள்.

வகையில் ரெகுலர் எக்ஸ்பிரஷனைத் (தேடும் வடிவத்தைக் குறிகளால் எழுதுவது) தேர்ந்தெடுத்துப் பேட்டர்னில் இதை எழுதுங்கள்:

ரூ\.? ?([0-9][0-9,.]*[0-9]|[0-9])

ரீப்ளேஸ்மென்ட்டில் இது:

\1 ரூபாய்

எண் பின்னால் வந்தால் மட்டுமே மாற்றும். '500 ரூபாய்' என்று நாம் பேசுகிற வரிசையிலேயே சொல்லும். என்விடிஏ விசையோடு பி அழுத்தி நிறுத்தற்குறி அளவை 'ஆல்' வரை ஏற்றிக்கொண்டு இந்த வரிகளைக் கேளுங்கள். இல்லையென்றால் பாதிக் குறி காதில் விழாது.

மற்ற தமிழ்ச் சொற்களை முழுச் சொல்லாகப் பிடிக்க, முன்னால் (?<![அ-்]) பின்னால் (?![அ-்]) சேர்த்து ரெகுலர் எக்ஸ்பிரஷனாகக் கொடுங்கள். அடைப்புக்குள் இருப்பது அ, சிறுகோடு, தனிப் புள்ளி.

முத்தியால்பேட்டை: எங்கள் ஊரில் ரூ என்றால் வீதி சார். ரூ துமா, ரூ ரோமன் ரோலான் என்று குறிப்புகளில் எழுதுகிறோம். அதைப் போய் ரூபாய் ஆக்கலாமா?

மேலே சொன்ன பேட்டர்ன் அதைத் தொடாது. துமா எண் இல்லையே.

திருப்பாதிரிப்புலியூர்: தமிழில் துமா வீதி என்றே எழுதலாமே. 'ரூ'வை 'வீதி' என்று மாற்றச் சொல்லுங்கள்.

மாட்டேன் அம்மா. எப்படி எழுதுவது என்பது எழுதுகிறவர் முடிவு. அவர் ரூ என்று எழுதியிருந்தால் நம் காதிலும் ரூ என்றே விழ வேண்டும். உச்சரிப்பைச் சரிசெய்யவும் சுருக்கத்தை விரிக்கவும்தான் அகராதி. எழுத்தைத் திருத்தத் தொடங்கினால், பார்வையுள்ளவர் படிப்பது ஒன்று, நாம் கேட்பது வேறொன்று என்றாகிவிடும்.

முத்தியால்பேட்டை: அதைத்தான் நானும் சொல்கிறேன்!

சரி, இதோடு ரூ போதும்.

லாஸ்பேட்டை: ஃபோனில் இப்படிச் செய்யலாமா?

ஐஃபோனில் முடியும். அக்சஸிபிலிட்டி, வாய்ஸ்ஓவர், ஸ்பீச், அதற்குள் புரொனன்சியேஷன்ஸ்.

அரியாங்குப்பம்: மொபைலில் எப்படி?

மேலே பாருங்கள்.

சிதம்பரம், கல்லூரி மாணவி: நான் தட்டச்சில் அடிக்கடி தவறவிடும் சொற்களை அகராதியில் சரியாக ஒலிக்க வைக்கலாமா அண்ணா?

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. பிழையான எழுத்து சரியாக ஒலித்தால் பிழை இருப்பதே உனக்குத் தெரியாமல் போகும். விடைத்தாளில் அது அப்படியே இருக்கும். ஐயம் வந்தால் எண்தளத்தில் 5-ஐ இரண்டு முறை தட்டு, சொல்லை எழுத்து எழுத்தாகச் சொல்லும். அப்படிச் சொல்லும்போது அகராதி குறுக்கிடாது. பிரெயில் திரையிலும் இருப்பது இருக்கிறபடியே வரும்.

குறிஞ்சிப்பாடி: பழைய அலுவலகக் கோப்பு முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக வாசிக்கிறது.

அது வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அகராதியால் ஆகாது, யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் 'கொ', 'போ' வரும் சொற்கள் அகராதியில் சிக்கவில்லை என்றால், கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக உட்கார்ந்திருக்கும். கோப்பிலிருந்தே அந்தச் சொல்லை நகலெடுத்துப் பேட்டர்னில் ஒட்டுங்கள்.

மஞ்சக்குப்பம்: என் அகராதியை நண்பருக்குக் கொடுக்கலாமா?

தாராளமாக. என்விடிஏவின் பயனர் கோப்புறையில் ஸ்பீச்டிக்ட்ஸ் என்று ஒரு கோப்புறை இருக்கும். அதில் டீஃபால்ட் என்ற கோப்பை நகலெடுத்துக் கொடுங்கள். அவர் ஏற்கெனவே ஏதாவது எழுதி வைத்திருந்தால் அதன் மேல் ஒட்டிவிடாதீர்கள், அவருடையது அழிந்துவிடும். ஒட்டிய பிறகு என்விடிஏவை ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லுங்கள்.