வயலின் பையனின் வலது கால்

உசிலம்பட்டியிலிருந்து எழுதிய அப்பாவுக்கு,

வணக்கம் ஐயா. பிளஸ் டூ முடிக்கப்போகும் மகன் கல்லூரியே வேண்டாம், எலக்ட்ரிக் வயலினும் லூப்பரும் போதும், அரங்கின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்துத் தனியாளாகக் கச்சேரி செய்வேன் என்கிறான். இது ஒரு பிழைப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். கூத்து என்று ஒதுக்காதீர்கள். வயலின் கலைஞர் எல். சங்கர் 1980-களிலேயே பத்துத் தந்தி இரட்டை எலக்ட்ரிக் வயலினோடு உலக மேடைகளில் வாசித்தவர். பிழைப்பு உண்டு; தம்பி தேடுகிற இடத்தில் இல்லை.

முதலில் அவன் காலைப் பாருங்கள். கர்நாடக முறையில் படித்தவன் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றித்தான் வாசிப்பான். லூப்பரோ காலால் மிதிக்கிற பெட்டி. ஒரு மிதியில் பதிவு தொடங்கும். மறு மிதியில் பதிந்தது சுழன்று ஒலிக்கும். அதன்மேல் அடுத்த அடுக்கை வாசிக்கலாம். வயலினைத் தாங்குகிற கால் பெட்டியை எப்படி மிதிக்கும்? நின்று வாசிக்க வேண்டும். தாடையால் வயலினை இறுக்கிக்கொண்டு கமகம் பிடிப்பது, அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, அந்த விரல்களுக்குப் புதுப் பாடம். இதை அவன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்.

அடுத்தது தாளம். தாளத்தின் ஓர் எண்ணிக்கைதான் அட்சரம். அட்சரத்துக்கு ஒரு விநாடி என்றால், எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று, 8 விநாடி. பதிவை முடிக்கும் மிதி 0.1 விநாடி பிந்தினால் ஒவ்வொரு சுற்றும் அவ்வளவு நீளும்; பக்கத்தில் சீராக வாசிக்கும் மிருதங்கத்தோடு பத்தாவது சுற்றில் ஒரு அட்சரமே பிசகிவிடும். பக்கவாத்தியக்காரர் சமாளித்துக் கொடுப்பார். பெட்டி கொடுக்காது.

நான்கு ஸ்பீக்கர் ஆசையில் ஒரு நியாயம் இருக்கிறது. சாதாரண வயலினுக்கு மைக் வைத்து, சுற்றிலும் ஸ்பீக்கர் நிறுத்தினால் 'கூ' என்று ஊளையிடும். எலக்ட்ரிக் வயலினில் ஒலியைப் பெருக்கும் குடைவான மரக்கூடு இல்லை, மைக்குக்குப் பதிலாக உள்ள பிக்கப் என்ற கருவி தந்தியின் அதிர்வையே எடுக்கிறது. அதனால் அந்தத் தொல்லை குறைவு, லூப்பிலும் கூட்டத்தின் இருமல் பதியாது. ஆனால் சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் நின்றிருப்பீர்கள். ஒரே பாட்டு கம்பத்துக்குக் கம்பம் முன்னும் பின்னுமாகக் காதில் விழும். ஒலி 34 மீட்டர் கடக்க 0.1 விநாடி ஆகிறது. அரங்கிலும் அதுதான் கதை: நடுவில் இருப்பவருக்கு இசை சுற்றி வரும், பின்மூலையில் இருப்பவருக்கு அந்த மூலை ஸ்பீக்கர்தான் முந்தியும் தூக்கலாகவும் கேட்கும். இதைச் சரிக்கட்டத் தெரிந்தவனுக்குத்தான் நான் சொன்ன பிழைப்பு. திருமண மண்டபம், கோயில் விழா, ஒலிப்பதிவுக் கூடம் என்று எங்கும் அவனுக்கு வேலை இருக்கும். வயலின் அதோடு சேர்ந்து வளரும்.

ஆகவே கல்லூரி வேண்டும். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுப் பட்டப்படிப்பு இருக்கிறது. என் முதல் தேர்வு அதுதான். இடம் கிடைக்காவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் படிக்கட்டும். வயலினையே பாடமாக எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் மதுரை அரசு இசைக் கல்லூரி இருக்கிறது; அப்போதும் விடுமுறையில் உங்கள் ஊர் மைக் செட்காரரிடம் கேபிள் சுற்றப் போகட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடன் வாங்கி ஸ்பீக்கர் வாங்காதீர்கள். ஒரு மாலைக்கு வாடகைக்கு எடுத்தால் போதும். இப்போதைக்குப் பழைய லூப்பர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து அவனை அழைத்து வாருங்கள். என் அறையில் பாய் விரிக்க மாட்டேன், நின்றுதான் வாசிக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.